தணிகைவேலின் பாஷை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள ஒரு அலுமினிய வார்ப்படக் கம்பெனியில் தணிகைவேலுக்கு ஒரு மேசை, ஒரு மின்விசிறி, சட்டையில் குத்திக்கொள்ள 'மொழிபெயர்ப்பாளர், பாதுகாப்புப் பயிற்சியாளர்' என்று ஒரு அட்டை. பதினொரு வருஷம் உலைக்கு முன்னால் வெந்தவனுக்கு இது மறுபிறவி. வாங்கிக் கொடுத்தது இந்தி.

அந்த இந்தி வந்த வழியில் ரகசியம் ஒன்றுமில்லை. ஆந்திர எல்லையோரத்துப் பள்ளிப்பட்டுக்காரன். இருபது வயதில் வீட்டில் கோபித்துக்கொண்டு பம்பாய்க்கு ரயிலேறினான். தாராவியில் ஒரு இட்லிக் கடையில் ஏழு மாதம் தட்டு கழுவினான். முதலாளி திருநெல்வேலி. சாப்பிட வந்தவர்களில் முக்கால்வாசிப் பேரும் திருநெல்வேலி. மிச்சக் கால்வாசி பேசியதில் காதில் விழுந்ததைப் பொறுக்கிக்கொண்டு ஊர் திரும்பினான். பள்ளிப்பட்டில் சும்மா கிடைக்கிற தெலுங்கையும் கொஞ்சம் சேர்த்தான். எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு 'ஹை' வைத்தான். இந்தி தயார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒடிசாவின் மயூர்பஞ்ச் பக்கமிருந்து ஆணும் பெண்ணுமாக நாற்பது பேர் வந்து இறங்கினார்கள். "யாருக்குய்யா இந்தி தெரியும்?" என்றார் மேலாளர் வெங்கடேசன். உலைப் பக்கமிருந்து ஒரு கை எழுந்தது. கையோடு தணிகைவேலும் வந்தான்.

"எல்லாம் சுனோ ஹை. ஹெல்மெட் போடோ ஹை, இல்லன்னா தலை காலி ஹை. சூடு மால் கிந்த விழுந்தா பானி நஹி ஹை. மண்ணு டாலோ ஹை. சமஜா?"

நாற்பது தலைகளும் ஆடின. வெங்கடேசன் அசந்துபோனார். அன்றைக்கே மேசை வந்தது.

வந்தவர்கள் சந்தால்கள். பேசுவது சந்தாலி. எழுபது லட்சம் பேர் பேசுகிற மொழி. அதற்கென்று தனி எழுத்து இருக்கிறது. அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் தமிழோடு சமமாக உட்கார்ந்திருக்கிறது. இதெல்லாம் தணிகைவேலுக்குத் தெரியாது, வெங்கடேசனுக்கும் தெரியாது. சிப்காட்டின் பூகோளத்தில் ஆந்திராவுக்கு அப்பால் இருப்பவன் எவனும் இந்திக்காரன். பதிவேட்டில் 'தாய்மொழி' என்ற கட்டத்தில் தணிகைவேல் நாற்பது தடவை 'இந்தி' என்று எழுதினான். முதல் வரிக்குக் கீழே மேற்படி என்று போட்டிருக்கலாம். போடவில்லை. வேலையில் நேர்மையானவன்.

வீட்டிலும் மதிப்பு ஏறியது. "எங்க ஊட்டுக்காரரு வாயத் தொறந்தா நாப்பது பேரு நவுருவான்" என்று அவன் மனைவி ஜோதிலட்சுமி தண்ணீர் லாரிக்கு நிற்கும்போது சொல்லிக்கொண்டாள்.

இப்படி மூன்று வருஷம் ஓடியது. போன மாதம், சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி ஒரு நிபந்தனை போட்டது. தொழிலாளிக்குப் பாதுகாப்புப் பயிற்சி அவரவர் தாய்மொழியில் நடக்க வேண்டும். இல்லையென்றால் ஆர்டர் கிடையாது. அதைச் சோதிக்கச் சென்னையிலிருந்து ஷைனி என்று ஒரு பெண் வருவதாக இருந்தது.

"சொதப்பினேன்னு வை, மேசை கெடையாது" என்றார் வெங்கடேசன். "க்ளவுஸ மாட்டிக்கினு பர்னஸுக்குப் போய்க்கினே இரு."

தணிகைவேல் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தான்.

கேன்டீனில் நாற்பது பேரையும் உட்கார வைத்திருந்தார்கள். ஷைனி பதிவேட்டைப் புரட்டினாள்.

"இவங்க தாய்மொழி இந்தின்னு யார் சொன்னாங்க?"

"அவங்கதான் மேடம். ஒவ்வொருத்தரையும் கேட்டுத்தான் எழுதினேன்."

"எந்த பாஷையில கேட்டீங்க?"

"இந்தியில."

"என்ன சொன்னாங்க?"

"தலையாட்டினாங்க மேடம்."

ஷைனி பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதிக் கற்ற இந்தியில், உருகிய உலோகம் தரையில் கொட்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். நாற்பது பேரும் அவளைப் பார்த்தார்கள். அதையே தணிகைவேல் பக்கம் திரும்பிக் கேட்டாள். அவனும் அவளைப் பார்த்தான். வெங்கடேசன் தணிகைவேலைப் பார்த்தார்.

நாற்பது பேரில், பேக்கிங்கில் வேலை செய்கிற பூல்மணி டுடு எழுந்தாள்.

"இன்னா மேடம், அப்போலேந்து நின்னுகினே கீறீங்க. குந்துங்க மொதல்ல. இன்னா கேட்டீங்க, தமிழ்ல கேளுங்க."

கேன்டீனில் சோறு போடுகிற கன்னியம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். அது அவளுடைய தமிழ். சொல்லுக்குச் சொல், இழுவைக்கு இழுவை.

ஷைனி கேள்வியைத் தமிழில் கேட்டாள்.

"தண்ணி ஊத்தக் கூடாது. வெடிக்கும். காஞ்ச மண்ணு போடணும்."

தணிகைவேலுக்கு மூச்சு வந்தது. "நான் சொல்லிக் குடுத்ததுதான் மேடம்" என்றான்.

"அது இல்ல மேடம்" என்றாள் பூல்மணி. "வந்த மொத வாரமே எங்க ஆளு ஒருத்தன் தண்ணி ஊத்திட்டான், வெடிச்சிக் கால்ல பட்டுச்சி. அத்தப் பாத்துக் கத்துகினோம்."

"இவர் பேசினது?"

பூல்மணி தயங்கினாள். பெரியவர்களைப் பற்றி அவர்கள் இல்லாத இடத்தில் பேசினாலே தப்பு. இவர் எதிரிலேயே நிற்கிறார்.

"அண்ணன் பேசறது தமிழ்னுதான் மொதல்ல நெனச்சோம். அப்பால கன்னியம்மாக்காகிட்ட தமிழ் கத்துகினோம். இது அது இல்ல. செரி, இந்தி போலன்னு பீகார் பசங்கள இட்டாந்து கேக்கச் சொன்னோம். எங்களுது இல்லன்ட்டாங்க. தெலுங்குக்காரங்களும் இல்லன்ட்டாங்க. அப்பால புரிஞ்சிச்சி. அண்ணனும் எங்கள மாரி, தமிழ இங்க வந்துதான் கத்துகினாரு. எங்கியோ காட்டுல, மலையில கீற ஜனம். அவுரு பாஷ பேச இங்க வேற ஆளே இல்ல."

வெங்கடேசனுக்கு இருமல் வந்தது.

"எங்க ஊராண்ட காட்டுல அப்டி ஜனம் கீறாங்க மேடம். நாலு ஊடுதான் இருக்கும். அவங்க பாஷய நாங்க கிண்டல் பண்ண மாட்டோம். பாவம், ஒண்டியா கீறாரேன்னு அண்ணன் பாஷய நாங்களும் கொஞ்சம் கத்துகினோம். அவுரு சொன்னா தலையாட்டுவோம். சந்தோசப்படுவாரு."

ஜன்னலில் கன்னியம்மாவின் தலை காணாமல் போயிற்று. உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது.

ஷைனி சிரிக்காமல் எழுதிக்கொண்டு போனாள். ஆர்டர் பிழைத்தது, ஒரு நிபந்தனையோடு: பயிற்சியாளருக்குத் தொழிலாளியின் மொழி தெரிந்திருக்க வேண்டும். அடுத்த வாரம் மேசையும் மின்விசிறியும் அட்டையும் பூல்மணிக்குப் போயின. சம்பளம் மட்டும் பேக்கிங்கிலேயே இருந்துவிட்டது. அதை மாற்றச் சொல்லி எந்த நிபந்தனையும் வரவில்லை என்றார் வெங்கடேசன்.

உலைக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் பயிற்சி எடுத்த பிறகுதான் போக வேண்டும், அதுவும் தாய்மொழியில். பூல்மணி விதியை வரிக்கு வரி பிடித்துக்கொள்கிறவள். திங்கட்கிழமை காலை, க்ளவுஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தணிகைவேல் அவள் மேசைக்கு முன்னால் நின்றான். பழைய மேசை. மின்விசிறியின் காற்று அவள் பக்கம்தான் வீசியது.

"குந்துண்ணா" என்று பதிவேட்டைத் திறந்தாள். "தாய்மொழின்னு போட்டுக்கீது. உன் பாஷைக்குப் பேரு இன்னா?"

தமிழ் என்று சொல்ல வாயெடுத்தான். சொன்னால், அப்படியென்றால் மூன்று வருஷம் மேசையில் உட்கார்ந்து பேசியது என்ன பாஷை என்று அடுத்த கேள்வி வரும். வாயை மூடிக்கொண்டான்.

"பரவால்ல, அப்பால சொல்லு" என்று கட்டத்தைக் காலியாக விட்டாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிதானமாக, ஒரு சொல்கூட விடாமல் சொன்னாள்.

"ஹெல்மெட் போடோ ஹை, இல்லன்னா தலை காலி ஹை. சூடு மால் கிந்த விழுந்தா பானி நஹி ஹை. மண்ணு டாலோ ஹை. சமஜா?"

தணிகைவேல் தலையாட்டினான்.