என் சொல் போய்ச் சேரவில்லை

அம்மனை நம்புகிற உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். போன ஆடியில், சங்கரன்கோவிலில் கோமதி அம்மனின் தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியிருந்த சமயம், என் அப்பாவை நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு சென்னையில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

சுகாதாரக் கொள்கை வகுக்கும் அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை. எந்த ஆஸ்பத்திரியில் என்ன மருந்து இருக்கிறது என்று கம்ப்யூட்டர் திரையில் காட்டும் திட்டம் என் பொறுப்பு. இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. நர்சுகளுக்குச் சுமை கூடக் கூடாதென்று, தினமும் சாயங்காலம் ஒரு தடவை பதிந்தால் போதும் என விதி எழுதினேன். பாம்புக்கடி மருந்தைத்தான் முதலில் சேர்க்கச் சொன்னேன். கரிசல்காட்டில் பிறந்தவளுக்கு அது தெரியாதா என்ன?

அன்று மத்தியானம் என் தம்பி போன் செய்தான். "அக்கா, அப்பா காட்டுல முள்ளு வெட்டுதப்போ கால்ல விரியன் கடிச்சிட்டு. வண்டியில வச்சுக் கூட்டிட்டு வாரேன். எங்கன போவ?"

குருவிகுளம் பக்கம் எங்கள் விவசாயக் காடு. திரையைப் பார்த்தேன். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் பச்சை. சங்கரன்கோவில் ஆஸ்பத்திரி சிவப்பு. "பக்கத்துலயே மருந்து இருக்குலே, அங்கன போ" என்றேன். போய்ச் சேர்ந்ததும் மறுபடி கூப்பிட்டான்.

"இங்கன மருந்து இல்லையாம்க்கா. காலையில வந்தவருக்குப் போட்டுத் தீந்துட்டாம். அப்பாவுக்கு ஈறுல ரத்தம் வருது. ஆம்புலன்சுல சங்கரன்கோவிலுக்குக் கொண்டு போறோம்."

"அங்கன போகாதலே, திருநெல்வேலிக்குப் போ" என்றேன். சொல்லும்போதே லைன் அறுந்துவிட்டது. திரும்பத் திரும்ப அடித்தேன். தபசுக் கூட்டத்தில் ஒரு போனும் கிடைக்கவில்லை. "கோமதித் தாயே, லைனைக் குடு, அப்பாவக் காப்பாத்து" என்று எல்லோர் முன்னாலும் வாய்விட்டு அழுதேன். லைன் கிடைக்கவே இல்லை.

பொழுது சாய்ந்த பிறகு தம்பியே கூப்பிட்டான். சங்கரன்கோவிலுக்கு அன்று காலையில்தான் மருந்து வந்து இறங்கியிருக்கிறது; அதைப் போட்டு அப்பாவைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். சாயங்காலம்தான் பதிவார்கள். திரையில் அது எப்படித் தெரியும்? திருநெல்வேலி வரை உயிர் தாங்கியிருக்காது என்று டாக்டர் சொன்னாராம். "கடைசியில என்னமோ சொன்னியே, கேக்கலக்கா" என்றான்.

அப்பாவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சிறுநீரகம் இன்னும் சரியாகவில்லை. காட்டை விட்டாயிற்று. பேச்சும் குறைந்துபோயிற்று. முதலிலேயே சங்கரன்கோவிலுக்குப் போகச் சொல்லியிருந்தால் கால் தப்பியிருக்குமோ என்ற நினைப்பு என்னை விடுவதில்லை. அம்மாவிடம் சொன்னேன். கடி விழுந்த நேரத்தில் அவள் கோயிலில் நேர்ந்துகொண்டு பிராகாரத்தை வலம் வரும் ஆடிச்சுற்று சுற்றிக்கொண்டிருந்தாளாம். "ரெண்டாந்தடவ நீ சொன்னது கேட்டிருந்தா மனுசனே இல்லட்டி" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இப்போது விதியை மாற்றிவிட்டோம். மருந்து வந்தாலும் தீர்ந்தாலும் உடனே பதிய வேண்டும். திரையில் ஆஸ்பத்திரியின் போன் நம்பரும் இருக்கும். காலையில் அம்மனை நினைக்காமல் நான் அந்தத் திரையைத் திறப்பதில்லை.

ஒன்று சொல்லிக்கொள்கிறேன். கடிபட்டவருக்குக் கோயில் புற்றுமண் பூசி வீட்டில் வைத்திருக்காதீர்கள். மண்ணை நெற்றியில் இட்டுவிட்டு ஊசிக்கு ஓடுங்கள். ஓடும்போதே அம்மனைக் கூப்பிடுங்கள். கேட்டது கிடைக்கவில்லை என்று மனம் விட்டுவிடாதீர்கள். அன்று நான் லைனையும் கேட்டேன், அப்பாவையும் கேட்டேன். லைனைத் தராததால்தான் எனக்கு அப்பா இருக்கிறார்.