நிலத்தை விற்றவன் எங்கே?

எண்பதுகளின் கடைசி. தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் எம்.ஏ. இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். இயேசு சொன்ன உவமைகளில் ஒன்றை எடுத்து, இலக்கியமாக, வரலாறாக, அரசியலாக மூன்று விதத்தில் படித்துக் கட்டுரை வாசிக்க வேண்டும். நான் எடுத்தது புதையல் கதை. துளியூண்டு கதை! யாருடைய நிலத்திலோ ஒருவன் புதையலைப் பார்க்கிறான். அதை மறுபடி மூடிவிட்டு, சந்தோஷம் தாங்காமல் ஓடிப்போய், இருப்பதையெல்லாம் விற்று அந்த நிலத்தையே வாங்கிவிடுகிறான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கதை எங்கள் குரோம்பேட்டை வீட்டிலேயே நடந்துகொண்டிருந்தது! அப்பா அரசு அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேன். கூடுவாஞ்சேரிப் பக்கம் பெரிய சாலை வரப்போவதை அங்கே ஒரு வரைபடத்தில் பார்த்துவிட்டார். அந்த வழியில்தான் என் வகுப்புத் தோழியின் குடும்பத்துப் புஞ்சை நிலம். விற்கப்போகிறார்கள் என்று வீட்டில் வந்து சொன்னதே நான்தான். அதை நாங்களே வாங்க அம்மாவின் நகை போனது, அப்பாவின் ஸ்கூட்டர் போனது. திங்கட்கிழமை பத்திரப் பதிவு.

“ரோடு விஷயம் நம்ம வாசலைத் தாண்டக் கூடாது” என்றார் அப்பா. சரிப்பா என்றேன். ஸ்கூட்டர் போனதற்குக்கூட நாங்கள் சிரித்தோம், அப்படி ஒரு குஷி.

வெள்ளிக்கிழமை வகுப்பில் வெளுத்து வாங்கினேன். கதைக்கு உயிரே அந்தச் சந்தோஷம்தான், அதை எடுத்துவிட்டால் வெறும் நில வியாபாரம் என்றேன். படையெடுப்புக்குப் பயந்து பானையில் நகையைப் புதைத்துவிட்டு ஓடியவர்கள் எத்தனை பேர் திரும்பி வந்திருப்பார்கள் என்று கேட்டேன். பிறகு குரலை உயர்த்தினேன். பார்த்தவன் கூலிக்காரன், காலமெல்லாம் அடுத்தவன் மண்ணைக் கொத்தியவன், முதல்முறையாக அவன் காலடியில் அவன் மண்! வகுப்பே மேசையைத் தட்டியது.

அந்தத் தோழி எழுந்தாள். “எல்லாம் சரி. நிலத்தை வித்தவன் எங்க? அவனைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லையே?”

அடடா, என்ன கேள்வி! துள்ளிக் குதிக்காத குறை. “அதானே விஷயம்! அவன் மூஞ்சியைப் பாத்துட்டா, வாங்கினவனோட சேர்ந்து நம்மால சந்தோஷப்பட முடியாது. அதனாலதான் அவனைக் காட்டவே இல்லை” என்றேன். சொல்லிக்கொண்டே அவளைப் பார்த்தேன். நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். மீதிக் கட்டுரையை எப்படி வாசித்தேன் என்று தெரியாது.

சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷன். அவளுக்குத் தெற்கே போகும் ரயில், எனக்கு வடக்கே. அவள் இன்னும் என் கட்டுரையையே புகழ்ந்துகொண்டிருந்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. “நிலத்தை விக்க வேணாம்னு உங்கப்பாகிட்ட சொல்லுடி, அங்க ரோடு வருது” என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு போயிற்று. ஆனாலும் நெஞ்சு லேசானது. அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்றே நினைத்தேன், மடச்சி!

அவள் ரயில் வந்து நின்றது.

“உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?”

“ரெண்டு மாசமா.”

“ரெண்டு மாசமா என்கூடத்தானே உக்காந்து சாப்ட்டே?” என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் ரயிலில் ஏறிவிட்டாள்.