கிரேஸ் மெஸ்ஸில் கொள்ளு ரசம்

இன்று கரியாலூரில் கிரேஸ் அக்காவைப் பார்த்தேன். அவர் மெஸ்ஸுக்குள் நான் நுழைந்தபோது, ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். "இது இன்னா தம்பி, திங்கறதா, ஆராய்ச்சியா?"

"ஆராய்ச்சிதான்க்கா. கொசு," என்றார் அதை வைத்திருந்த ராபின்.

"அப்ப மேல் தட்டுல வை. தயிர் பக்கத்துல வெக்காத."

கல்வராயன் மலைக்கு ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் பலரும் சாப்பிடுவது இங்கேதான். அக்காவுக்குப் பெயர் நிற்காது. ராபின் கொசுத் தம்பி, அந்தோணிதாஸ் மண்ணுத் தம்பி, ராதிகா விதைப் பொண்ணு. ஒருவரோடு ஒருவர் பேசாமல் போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டால் அவருக்குப் பொறுக்காது. "இன்னைக்கு நீ பாத்தத பக்கத்துல இருக்கறவங்ககிட்ட சொல்லு. அப்புறம் அப்பளம் தரேன்." எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். அப்பளம் அப்படி.

இன்று கொள்ளு ரசம். ராதிகா இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, ஊருக்குப் போகப் பை கட்ட எழுந்தார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"அக்கா, சமையல்கட்டு அலமாரியில கருப்புக் கொள்ளு டப்பா வெச்சிருந்தேனே?"

அக்காவின் கரண்டி அப்படியே நின்றது. அவர் கேள்வி கேட்பது ஃப்ரிட்ஜில் வைப்பவர்களிடம் மட்டும்தான். அலமாரியில் இருப்பதெல்லாம் அவருக்குச் சாப்பாடு.

"பழைய ரகம்க்கா. ஒரே ஒரு கொல்லையிலதான் இருந்திச்சு. மிச்சத்த மாட்டுக்கு அவிச்சுட்டாங்க." ராதிகா உட்கார்ந்துவிட்டார். சோதனை வயலில் விதைக்க ஒரு வருடமாகத் தேடிய விதை அது.

"நாமளும் மாடு மாதிரிதான் குடிச்சோம்," என்றார் ராபின்.

அக்கா திடீரென்று திரும்பினார். "மண்ணுத் தம்பி, அதே கொல்லையில நீயும் மண்ணு எடுத்தேன்னு நேத்து சொல்லிக்கினு இருந்தியே?"

"ஆமாக்கா. மூட்டை ஜீப்புலயே கெடக்கு. இன்னும் சலிக்கல."

"கொள்ளு காய் வெடிச்சா கீழ கொட்டியிருக்கும். எடுத்தா அத."

சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரிந்தது. அந்தோணிதாஸ் சலிக்க, மண் இறங்கி, கல்லும் வேரும் மேலே நின்றன. கொசு எடுக்கும் இடுக்கியோடு ராபின் குனிந்தார். முதல் கருப்புக் கொள்ளு தென்பட்டதும் ராதிகா அழுதேவிட்டார். எனக்கும் கண் கலங்கியது. நானும் அந்த ரசம் குடித்தவன்தானே. கடைசியில் ஒரு சின்னக் கைப்பிடி தேறியது.

"இது போதுமா கண்ணு?"

"போதும்க்கா. வெதச்சுப் பெருக்கிக்கலாம்."

அக்கா அதைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். "பஸ்ஸு வர்ற வரைக்கும் எங்கிட்டயே இருக்கட்டும். என்னை நம்பி இன்னொரு தபா அலமாரியில வெக்காத."

கச்சிராயபாளையம் பஸ் வந்தது. முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தபோது, ராதிகா ஒரே ஒரு கொள்ளு விதையை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு ஏறினார்.

அக்கா உள்ளே போகவில்லை. வாசலோரம் விரலால் குழி பறித்து அதைப் புதைத்தார். கோழி கிளறாமல் இருக்கக் காய்கறிக் கூடையைக் கவிழ்த்து, மேலே ஒரு கல்லும் வைத்தார்.

கல்வராயன் மலைக்குப் போகும் நண்பர்களுக்கு இதை அனுப்புங்கள். அக்கா மெஸ்ஸில் சாப்பிடுங்கள். வாசலில் இருக்கும் கூடையை மட்டும் தூக்கிவிடாதீர்கள்.