சில்வியா அழித்த வரி

சில்வியாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத எனக்கு இன்றும் கை வருவதில்லை. ராயபுரத்துப் பெண். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கன்டெய்னர் யார்டுகளுக்கு சாஃப்ட்வேர் எழுதும் எங்கள் திருவொற்றியூர் ஆபீசில் அவள் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் எல்லாருடைய வேலைச் சந்தேகமும் தீர்த்துவைக்கச் சொல்லி அவள் மேசைக்குப் போனது. எட்டு வருடமாக அங்கே குப்பை கொட்டிய என் மேசைக்கு டீ மட்டும்தான் வந்தது. பொறாமைதான்.

அவள் வேலை நிரந்தரமாக வேண்டிய மாதத்தில்தான் அந்தத் தகராறு. லாரிகளை வரிசையில் வைத்து எடை குறிக்கும் புரோகிராம் அவள் எழுதியது. சோதனைக்கென்று எங்களுக்கு ஒரே கம்ப்யூட்டர். புரோகிராமை நடுவில் நிறுத்தி உள்ளே பார்க்கும் டிபக்கரை அதில் போட்டு ஓட்டினால் சற்று நேரத்தில் அவள் புரோகிராம் படுத்துவிடும். அவள் எழுதியதில்தான் கோளாறு என்று மேலாளர் மேத்யூ சாரிடம் முதல் ஆளாகப் போய்ச் சொன்னேன். வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் அவளை அனுப்பிவிடலாம் என்றார். அன்று மத்தியானம் எனக்குச் சோறு நன்றாக இறங்கியது.

நானாக இருந்தால் புரோகிராமைத்தான் கிண்டியிருப்பேன். அவள் வெயிலில் யார்டுக்கு நடந்து போய், எடை மேடையில் உட்காரும் கெங்கம்மாவிடம் கேட்டிருக்கிறாள்.

"இங்க ஒரு நாளும் நின்னதில்ல கண்ணு, நல்லா ஓடிகினு கீது. நீங்க அங்க தொறந்து பாக்கசொல்லோதான் அதுக்கு இன்னாவோ ஆவுது," என்றாராம் அந்த அம்மா.

திரும்பி வந்தவள் புரோகிராமைத் தொடவே இல்லை. டிபக்கரின் வாட்ச் பட்டியலைத் திறந்தாள். நிறுத்தும்போதெல்லாம் எதைக் காட்ட வேண்டும் என்று நாம் எழுதிவைக்கும் இடம் அது. அங்கே ஒரே ஒரு வரி: அடுத்த லாரியை எடு. காட்டுவதற்காக டிபக்கர் அதை நிஜமாகவே செய்துபார்க்கும்; எடுத்த லாரி வரிசையிலிருந்து போய்விடும். நிறுத்திப் பார்த்த ஒவ்வொரு தடவையும் டிபக்கர் சத்தமில்லாமல் ஒரு லாரியை உருவியிருக்கிறது. மறுபடி ஓடிய புரோகிராம், வரிசையில் லாரி இல்லாமல் விழுந்திருக்கிறது. போன மாதம் அவள் வேலையில் குறை தேடியபோது அந்த வரியைப் போட்டவன் நான். போட்டதையே மறந்திருந்தேன்.

பக்கத்தில் நின்ற என் முகமே காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.

"யாரு போட்டதுன்னு நான் கேக்கல, செங்குட்டுவன் அண்ணா," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அதை அழித்தாள். அதன் பிறகு எத்தனை முறை நிறுத்தினாலும் புரோகிராம் விழவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் வேலை நிரந்தரமானது. என் பெயரை அவள் எங்கேயும் சொல்லவில்லை என்பதுதான் என்னைக் குடைந்தது. நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். நல்லவள் என்ற பேரும் அவளுக்கேவா? அதையாவது பிடுங்கிக்கொள்ளத்தான் திங்கட்கிழமை மேத்யூ சார் அறைக்குப் போய், அந்த வரி என்னுடையது என்றேன்.

அவர் தலை நிமிரவில்லை.

"போட்டவரே வந்து சொல்லுவாரு, அதுவரைக்கும் யாரையும் கேக்காதீங்க சார்னு சில்வியா சொல்லிச்சு," என்றார்.

அதிலும் அவள் எனக்கு முந்திவிட்டாள்.