பிளீச்சிங் வாடை

நான் வேலை பார்க்கும் அலங்காரச் சிப்பிக் கடையில் பார்சல் கட்டுகிறவளைப் 'பெட்டியக்கா' என்றுதான் கூப்பிடுவோம். வெளிநாட்டுக்குப் போகும் பெட்டிகள் அத்தனையும் அவள் கை பட்டே போகும். காகிதம், பஞ்சு, அட்டை என்று அவள் சுற்றுகிற சுற்றில், பிரிக்கிறவனுக்குப் பாதி ஆயுசு போய்விடும் என்று கேலி செய்வேன். சுத்தம் பார்ப்பதில் இன்னும் மோசம். சிப்பிக்குள் துளி சதை ஒட்டியிருந்தாலும் வழியில் அழுகி நாறும். அதனால் கொதிக்க வைத்து, பிளீச்சிங் தண்ணீரில் ஊறப்போட்டு, பிரஷால் தேய்த்து, ஒவ்வொன்றையும் மோந்து பார்த்த பிறகுதான் பெட்டிக்குள் வைப்பாள்.

அவளுடைய ஒரே தங்கை கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போனவள். சர்க்கரை நோய் பார்வையைப் பறித்து, படுக்கையிலும் தள்ளிவிட்டது. பெட்டியக்காவுக்கு இரண்டு கையிலும் வேலை இருக்கும் என்பதால் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான். ஊர் உலகத்துக்கே கேட்கும்.

"அக்கா, சின்னப்புள்ளைல பொறுக்குவோமே, அந்தக் கிளிஞ்சல் கொஞ்சம் அனுப்பேன்."

"அதுக்கென்னடி, அனுப்பிட்டாப் போச்சு."

கரைக்குப் போய்ப் பொறுக்கி வந்தாள். வழக்கம்போலக் கொதிக்க வைத்தாள், ஊறப்போட்டாள், தேய்த்தாள். தங்கைக்கு என்பதால் இரண்டு மடங்கு தேய்த்தாள். பக்கத்தில்தான் இருந்தேன், எனக்கும் உறைக்கவில்லை.

பெட்டி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. தங்கை போனில் சிரித்தாள். "என்னக்கா, கடைச் சாமான் மாதிரி அனுப்பியிருக்க? மூக்குல வச்சா பிளீச்சிங் வாடைதான் அடிக்குது. கண்ணுதான் போச்சு, நம்ம கரையை மோந்தாவது பாக்கலாம்னு நெனச்சேன்."

"பாழாப்போன கை, தன்னால போய்க் கழுவுது" என்று பெட்டியக்கா தன் கையையே திட்டிக்கொண்டாள்.

மறுபடி பொறுக்கினாள். இந்த முறை ஒட்டியிருந்த பாசியைக்கூடத் தொடவில்லை. முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "அங்க கஸ்டம்ஸ்ல பிரிச்சுப் பாத்தா குப்பைல போட்டுருவாங்கம்மா."

"போட்டா போடட்டும்" என்று அனுப்பிவிட்டாள். ஆனால் அது போய்ச் சேரும்வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சேர்ந்தது. "அப்படியே நம்ம கரைதான்க்கா" என்றாள் தங்கை. பெட்டியக்கா அதை முதலாளியிடம் சொன்னாள், தபால்காரரிடம் சொன்னாள், சிப்பி வாங்க வந்தவர்களிடமும் சொன்னாள். அவளுக்கு அப்படிச் சிரிக்க வரும் என்றே எனக்கு அதுவரை தெரியாது.

மழைக்காலம் முடிவதற்குள் தங்கை போய்விட்டாள். சில வாரம் கழித்துத் தங்கையின் கணவர் போன் செய்தார். தங்கமான மனிதர், பெண்டாட்டியைக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்டவர். பேச்சோடு பேச்சாகக் கிளிஞ்சல் பேச்சும் வந்தது.

"கடைசி வரைக்கும் தலைமாட்டுலயே வச்சிருந்தா அண்ணி. ரெண்டாவது பெட்டிதான் ஒரே நாத்தம். நோயாளி பக்கத்துல வைக்கலாமான்னு பயந்து, நான்தான் மருந்துத் தண்ணில ஊறவச்சு, பளபளன்னு கழுவின பிறகுதான் அவ கைல குடுத்தேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது? பெட்டியக்கா, "நல்லதுதான் பண்ணீங்க தம்பி" என்று போனை வைத்தாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "என் மனசு நோகக்கூடாதுன்னு பொய் சொல்லியிருக்காடி. என்ன வாடை வருதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பா, நானும் மூணாவது தடவை அனுப்பியிருப்பேன். சந்தோஷத்துல கேக்காம விட்டுட்டேனே."