வேல்பாண்டியின் மேல்வரிசை

திராட்சைப் பெட்டி அடுக்குவதில் கம்பத்துக்குத் தெற்கே வேல்பாண்டிக்கு இணை கிடையாது. கருத்த கொத்தெல்லாம் மேல்வரிசையில். வெதும்பியதும் உதிர்ந்ததும் அடியில். கூடலூர் தாண்டிக் கேரளாவுக்கு மலையேறப்போகும் பெட்டியை எந்த வியாபாரியும் அடிவரை கிளறுவதில்லை. இதைப் பொய் என்று இங்கே யாரும் சொல்வதில்லை, கைப்பக்குவம் என்பார்கள்.

அவருக்குச் சர்க்கரை நோய் வந்து பதினோரு வருடம். கைப்பக்குவத்தை அதிலும் காட்டினார். பரிசோதனைக்கு ஐந்து நாள் முன்பிருந்து கேப்பைக்கூழ், பாகற்காய், வேளை தவறாமல் மாத்திரை. விரலில் குத்திப் பார்த்தால் நூற்றுப் பத்து. வெளியே வந்ததும் முதல் வேலை பரோட்டா. மாத்திரை அடுத்த பரிசோதனைவரை அலமாரியில் ஓய்வெடுக்கும். தெருவே அவரைக் காட்டித்தான் ஒழுக்கம் பேசியது. மனைவி பாண்டீஸ்வரியின் தம்பி சசிதரனுக்கும் சர்க்கரை என்று தெரிந்தபோது, அவனுக்கு மட்டும் ரகசியத்தைச் சொன்னார்.

“டாக்டருக்கு வேண்டியது நம்பர்தான் மாப்ள. அதக் குடுத்துருவோம்.”

இந்த நிலையில்தான் மருத்துவர் பவானி ஆராய்ச்சிக்காக ஊருக்கு வந்தார். சர்க்கரை உள்ளவர்களின் ரத்தத்தில் இருக்கும் கொழுப்பு, பழைய எண்ணெய் காறிப்போவதைப் போல, ஆக்சிஜனால் கெடுகிறது. அந்தக் காறலின் தடயத்தை அளந்தால் இதயத்துக்கு வரப்போகும் கேட்டை முன்கூட்டியே சொல்லலாமா என்பது அவருடைய கேள்வி. சொல்லலாம் என்றும் அவசரப்படாதே என்றும் மருத்துவர்களே இரண்டு கட்சி. வேல்பாண்டிக்கு அந்தக் குழப்பம் எதுவும் இல்லை. முதல் ஆளாகக் கையை நீட்டினார்.

விரல்குத்து வழக்கம்போல அழகு. ஆனால் ஏழுக்குள் இருக்க வேண்டிய மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி பத்தைத் தாண்டியது. காறல் அளவு ஊரிலேயே உச்சம். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று பவானி கேட்டார். ஒருநாள்கூடத் தவறியதில்லை என்று இவர் சொன்னார். படித்தவர்களிடம் மனிதர்களை நம்பும் கெட்ட பழக்கம் உண்டு. பூச்சிமருந்துதான் காரணமோ என்று சந்தேகப்பட்டு, அந்தம்மா தோட்டத்துக்கே வந்து கொடியையும் தெளிப்பானையும் படமெடுத்தார். வேல்பாண்டி பந்தலடியில் நிமிர்ந்து நின்று போஸ் கொடுத்தார்.

அடுத்த முறை பவானி ரத்தம் எடுக்க வந்திருந்த காலையில், தோட்டத்தில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த சசிதரன் வியர்த்துப்போய்த் தரையில் உட்கார்ந்தான். நெஞ்சுவலி இல்லை, மூச்சுதான் முட்டியது. வாயு என்று சொல்லி வேல்பாண்டி சோடா வாங்க ஆளனுப்பினார். பவானி ஓடிவந்து நாடி பார்த்து, ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். சர்க்கரைக்காரர்களுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும் என்றார். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறான் என்று கேட்டார்.

“மச்சான் சொன்ன மாதிரி...” என்றான் சசிதரன். அதற்குமேல் மூச்சு வரவில்லை.

பாண்டீஸ்வரி புருஷனைப் பார்த்தாள். வேல்பாண்டி பெட்டிகளைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

“அவன் போடுறதில்ல டாக்டரம்மா. நானும் போடல. நாந்தான் சொல்லிக்குடுத்தேன்.”

பவானி திட்டவில்லை. குறித்துக்கொண்டார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் கொஞ்சம் நிமிர்ந்திருப்பார் மனிதர். திட்ட வேண்டியவள் பக்கத்திலேயே நின்றாள். அவளும் குரலை உயர்த்தவில்லை.

“எந்தம்பியவும் சேத்து அடுக்கிட்டீகளா?”

தேனியில் சசிதரனுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். பவானியின் பூச்சிமருந்துச் சந்தேகத்தின்மேல் ஒரு கோடு விழுந்தது. பத்து நாள் வேல்பாண்டி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தார். உள்ளே போய்க் கட்டிலருகே நிற்க மட்டும் கால் வரவில்லை. வீடு திரும்பிய பிறகுதான் மைத்துனன் முன்னால் போய் உட்கார்ந்தார்.

அவன் மெலிந்திருந்தான். கோபம்கூட இல்லை.

“இப்பவாச்சும் நெசமாவே மாத்திர போடுறீகளா மச்சான்?”

“போடுறேன் மாப்ள.”

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அது உண்மை. சசிதரன் அக்காளைப் பார்த்தான். அவள் எழுந்துபோய், அலமாரியிலிருந்த மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பி, காலியான குழிகளை எண்ணிப் பார்த்தாள். அதன் பிறகுதான் தலையை ஆட்டினாள்.