தேவானை குறைத்த தாள்கள்

டீக்கடையோ தையல் கடையோ, அடையாறு பக்கம் புதிதாக எதைத் திறக்க நினைத்தாலும் ஆட்கள் முதலில் தேவானையிடம்தான் வருவார்கள். உரிமம் வழங்கும் ஓர் அரசு அலுவலகத்துக்கு எதிரே, ஜூஸ் கடையை ஒட்டி, ஆறடி அகலத்தில் அவள் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். ஜெராக்ஸ் எடுப்பதில் பெரிய வருமானம் இல்லை. விண்ணப்பங்களைப் பிழையில்லாமல் நிரப்பி, எந்தத் தாள் எந்த மேஜைக்குப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்புவதுதான் அவளுடைய உண்மையான தொழில்.

அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்தவள். பன்னிரண்டாம் வகுப்பும் டைப்ரைட்டிங்கும் முடித்தாள். குடிசைகளை எடுத்தபோது பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு கொடுத்தார்கள். அங்கிருந்து தினமும் காலையில் பஸ் ஏறி வந்தாள். கணவன் சேரன் ஷேர் ஆட்டோ ஓட்டினான். இப்படியே பதினாறு வருஷம் ஓடியது.

ஒரு சித்திரை மாதம் உம்மே ஹானி என்ற பெண் வந்தாள். கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி செய்து கொடுத்துக்கொண்டிருந்தவள். கொட்டிவாக்கத்தில் ஒரு சின்ன இடத்தை வாடகைக்கு எடுத்துக் கடை போட ஆசைப்பட்டாள்.

"எத்தினி நாள்ல கெடைக்கும்க்கா?" என்று கேட்டாள்.

"ரெண்டு மாசம்னு வெச்சிக்கோ. முன்ன பின்ன ஆவும்."

ஏழு மாதம் ஆகியும் கிடைக்கவில்லை. மொத்தம் இருபத்தொரு தாள். முதல் அலுவலகம் இரண்டாவது அலுவலகத்தின் சான்று வேண்டும் என்றது. இரண்டாவது அலுவலகமோ, முதல் அலுவலகத்தின் உரிமத்தைப் பார்க்காமல் சான்று தர முடியாது என்றது. நடுவில் ஓர் அதிகாரி மாறினார், கோப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. யாரும் அவளிடம் கடுமையாகப் பேசவில்லை. எல்லோரும் விதிப்படிதான் நடந்தார்கள். பூட்டிய கடைக்கு வாடகை மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது.

எட்டாவது மாதம் உம்மே ஹானி வந்து தன் ஃபைலைத் திருப்பிக் கேட்டாள்.

"பெங்களூர்ல அண்ணன் கீறாரு. அங்க எடம் பாத்துட்டாரு. நான் கெளம்பறேன்க்கா."

தேவானை ஃபைலை எடுத்துக் கொடுத்தாள். அவள் போன பிறகு வெகுநேரம் வேலை ஓடவில்லை. அன்று வீட்டில் சேரனிடம், "ஒவ்வொரு தாளுக்கும் எனக்குக் கூலி வந்துச்சு. அந்தப் பொண்ணுக்கு அடுப்பே எரியல" என்றாள்.

அந்த வருஷக் கடைசியில் ஸ்ரீலக்ஷ்மி வந்தாள். மயிலாப்பூர்ப் பெண், ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலை. ஒரு சின்ன சாப்பாட்டுக் கடை திறக்க எந்த மாநிலத்தில் எத்தனை நாள் ஆகிறது என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தாள். அலுவலகத்தில் விசாரித்தால், எதிர்க் கடையம்மாவைக் கேளுங்கள் என்றார்களாம். இரண்டு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"இதையெல்லாம் நீங்களே வந்து சொல்ல முடியுமா? தி. நகர்ல ஒரு கூட்டம் வெச்சிருக்கோம். விதிகளைத் திருத்தறதுக்கு யோசனை கேக்கற குழுவே வருது."

விஷயம் பக்கத்தில் பரவிவிட்டது. அதே தெருவில் மரத்தடியில் மேஜை போட்டு விண்ணப்பம் எழுதும் பாலு ஓடி வந்தான்.

"இன்னாக்கா, உனுக்கு இன்னா ஆச்சு? தாள் கொறஞ்சா நம்ப பொயப்பு இன்னா ஆவறது? நம்ப சோத்துல நாமளே மண்ண போட்டுக்கறதா?"

தேவானைக்கும் அந்தப் பயம் இருந்தது. இரண்டு நாள் யோசித்தாள். "நீ போவலன்னா அவங்க இன்னா, கொறைக்காமலா வுடப்போறாங்க? தெரியாதவன் எவனாவது போயி எதையாவது சொல்லுவான். அதுக்கு நீயே போ" என்றான் சேரன். அது அவளுக்குச் சரியாகப் பட்டது.

கூட்டத்தில் திரையில் படம் காட்டினார்கள். மாநிலங்களின் வரிசை, முதலீடு, போட்டித்திறன் என்று பேச்சு போனது. தேவானைக்குப் பாதி புரிந்தது. அவள் முறை வந்தபோது எழுந்து, பையிலிருந்து இருபத்தொரு வெற்று விண்ணப்பங்களை எடுத்து நீள மேஜையில் வரிசையாகப் பரப்பினாள். மேஜை போதவில்லை. மிஞ்சிய தாள்களை ஸ்ரீலக்ஷ்மி கையில் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே விலாசத்த ஒம்போது எடத்துல கேக்கறாங்க சார். இத்தயும் இத்தயும் பாருங்க, பேரு மட்டும்தான் வேற, கேள்வி ஒண்ணுதான். இந்தத் தாளு எதுக்குன்னு பதினாறு வருசமா நானும் கேட்டுக்கினு கீறேன், இதுவரிக்கும் ஒருத்தரும் சொல்லல."

குழுவின் தலைவர் வெங்கடரமணன், ஓய்வுபெற்ற அதிகாரி. மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "அப்ப எல்லாத்தையும் எடுத்துடலாமா?"

"ஐயோ, வேணாம் சார்!" என்றாள் தேவானை. "கேஸ் சிலிண்டர் வெக்கிற எடத்த ஆள் வந்து பாக்கணும். தண்ணி எங்கேந்து வருதுன்னு பாக்கணும். சமைக்கிற எடம் சுத்தமா கீதான்னு பாக்கணும். சொம்மா வுட்டா ஜனங்க வயிறுதான் கெட்டுப்பூடும். அந்த மூணத்தயும் வுட்டுட்டு மீதிய ஒரே தாளா ஆக்குங்க. கட போடறவங்களே எழுதிக் கையெழுத்துப் போடட்டும். பொய் சொன்னா அப்புறமா புடிங்க. பொய் சொல்லுவாங்கன்னு முன்னாடியே அல்லாரையும் நிறுத்தி வெச்சா, கடய தூக்கினு வேற ஊருக்குப் போயிடுறாங்க சார்."

வெங்கடரமணன் சிரிக்கவில்லை. அவள் சொன்னதைத் தன் கையாலேயே எழுதிக்கொண்டார். பிறகு மேஜைக்கு அருகே வந்து ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்தார். அவற்றில் இரண்டு அவர் பணியில் இருந்தபோது அவரே கையெழுத்திட்டுக் கொண்டுவந்தவை. அதை அவரே வாய்விட்டுச் சொன்னார்.

பதினான்கு மாதம் கழித்து நடைமுறை மாறியது. சிறு கடைகளுக்கு இணையத்தில் ஒரே விண்ணப்பம், சாப்பாட்டுக் கடை என்றால் கூடவே மூன்று சான்று. தான் சொன்னதால்தான் மாறியது என்று தேவானை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அவளைப் போல நிறைய பேர் சொல்லியிருப்பார்கள்.

முதல் மூன்று மாதம் கஷ்டம்தான். பிளாஸ்டிக் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. எல்லோரும் போனிலேயே முடித்துக்கொண்டார்கள். பாலு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஜெராக்ஸ் கடையை மூடிவிட்டு வேலைக்குப் போகலாமா என்றுகூட யோசித்தாள்.

அப்போதுதான் தணிகாசலம் வந்தார். மயிலாப்பூர்ச் சந்து ஒன்றில் தோசைக் கடை போட்டிருந்தார். உரிமம் பத்தே நாளில் கிடைத்துவிட்டதாம்.

"மெனு கார்டு அடிச்சுத் தரியாம்மா? தோசை படம் ஒண்ணு பெரிசா வேணும்."

அடித்துக் கொடுத்தாள். அடுத்த வாரமே திரும்பி வந்தார். "எதிர்ல ஒருத்தன் கட போட்டுட்டாம்மா. வெலய கொறைக்கணும். புதுசா அடி." அதற்கடுத்த வாரம் அந்த எதிர்க் கடைக்காரரே வந்தார், மூன்று வகைச் சட்னி என்று கொட்டை எழுத்தில் போடச் சொல்லி. அந்தச் சந்தில் மூன்றாவதாக ஒரு கடை திறந்தபோது, தேவானை ஒரு கலர் பிரிண்டர் வாங்கினாள்.

கடைகள் பெருகப் பெருக வேலையும் பெருகியது. மெனு கார்டு, விலைப்பட்டியல், பார்சல் பையில் ஒட்டும் சீட்டு. கடைகளுக்குப் பெயர்ப் போர்டு மாட்ட ஆள் தேவைப்பட்டபோது பாலுவைக் கூப்பிட்டாள். அவன் கொஞ்சம் முறுக்கிக்கொண்டுதான் வந்தான். இரண்டாம் நாள் ஏணி மேல் நின்றபடி, "வெயில்ல குந்தி ஃபாரம் எய்தறதுக்கு இது தேவலக்கா" என்றான்.

ஒருநாள் உம்மே ஹானிக்கு போன் போட்டுச் சொன்னாள்: "இப்ப ரொம்ப சுளுவா ஆயிட்ச்சு. வரியா?"

மறுமுனையில் பாத்திரச் சத்தமும் ஆட்களின் பேச்சும் கேட்டன. "இங்க நல்லா போய்க்கினு கீதுக்கா. ஏழு பேர வேலைக்கு வெச்சிருக்கேன். வுட்டுட்டு எப்டி வருவேன்?"

தேவானைக்கு லேசாக வலித்தது. ஆனாலும் உம்மே ஹானியின் குரலில் இருந்த உற்சாகம் காதுக்கு இதமாக இருந்தது. "நல்லா இரு" என்று வாழ்த்தினாள்.

சென்ற தை மாதம் பக்கத்து ஜூஸ் கடைக்காரர் இடத்தைக் காலி செய்தார். அந்த இடத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளத் தேவானை முடிவு செய்தாள். வங்கியில், உங்கள் தொழில் உரிமம் எங்கே என்று கேட்டார்கள். ஊருக்கெல்லாம் உரிமம் வாங்கிக் கொடுத்தவளிடம் தனக்கென்று ஒன்று இருக்கவில்லை. நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டுப் போனில் விண்ணப்பத்தைத் திறந்தாள். என்ன தொழில் என்ற கேள்விக்கு நீளமான பட்டியல் வந்தது. அவள் செய்வது அதில் எங்குமில்லை. பாலுவிடம் காட்டினாள்.

"இதுல இன்னான்னுடா போடறது?"

"மத்தவைன்னு போடுக்கா" என்றான் பாலு.

அப்படியே போட்டாள். விலாசத்தை ஒரே ஒரு தடவை கேட்டது. எழுதி, சரிபார்த்து, அனுப்பினாள். எட்டாம் நாள் உரிமம் வந்தது. சேரனுக்கு அதன் படத்தை அனுப்பிவிட்டு, காத்திருந்த இட்லிக் கடை அம்மாவிடம், "எந்தக் கலருல வேணும், சொல்லுங்க" என்றாள்.